நேரில் பார்க்க வேண்டும் என்ற விதி

மருத்துவர் நோயாளியை நேரில் பரிசோதித்த பிறகே மருந்து எழுத வேண்டும். இது என் ஆசை அல்ல, விதி. நகராட்சி அலுவலகத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆஸ்பத்திரி, சுடுகாடு, குடிநீர்க் குழாய், தெருநாய் என்று எதற்கு என்ன விதி என்பது எனக்கு மனப்பாடம். இந்த விதியில் 'நேரில்' என்ற சொல்லுக்கு மட்டும் விளக்கம் கிடையாது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனை நேரில் பார்ப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று அதை எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள். அப்பாவிகள்.

ஓய்வு பெற்ற வருடம் ஐப்பசியில் எனக்குச் சீக்கு வந்தது. நானும் மனைவி ருக்மணியும் அவிநாசி கோயிலுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு போதவில்லை. விரல் நுனிகளும் உதடும் மரத்துப்போயின. இன்னும் சற்று நேரத்தில் செத்துவிடுவோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்டக்டர் விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். முன் சீட்டு அம்மாள் என் உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்தார். அது வலிப்புக்குச் செய்வது. எனக்கு வந்தது வலிப்பல்ல என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. சோடா கொடு என்றார் ஒருவர். சோடா கூடவே கூடாது என்றார் இன்னொருவர். இருவரும் என்னை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

மாரடைப்பாக இருக்கலாம் என்று என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற ஊர் ஆஸ்பத்திரிகள் நிம்மதி அடைந்துவிடும். அந்த நிம்மதியை அவற்றுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் இ.சி.ஜி. என்றார்கள். இதயத்தில் ஓடும் சிறு மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக எழுதிக் காட்டும் கருவி அது. மார்பில் பசை தடவி, கை கால்களில் பட்டையைக் கட்டி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, கருவியை இயக்கத் தெரிந்தவரைத் தேடிப் போனார்கள். அசையாமல் கிடந்தேன். அரசு உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகிய உடம்பு. பிறகு ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் கேட்டார்கள், மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நீளமான காத்திருப்பு. பெஞ்சு இருக்கும் இடத்தில் நிழல் இல்லை; நிழல் இருக்கும் இடத்தில் உட்காராதே என்று எழுதியிருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், கதவைத் திறக்கிறவர், திறந்த கதவைச் சாத்துகிறவர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் 'சந்தோஷப்படுத்த' வேண்டியிருந்தது. அப்படியும் அங்கே சந்தோஷமாக இருந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

ருக்மணி வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்துக்கொண்டாள். உறவுக்காரர் ஒருவர் வீட்டில் சமைத்து, தூக்குப்போசியில் ரசம் சாதம் கொண்டு வருவாள். ஆரஞ்சுச் சுளையில் நார் இல்லாமல் உரித்து, கொட்டையை எடுத்து, என் வாய்க்கு நேராக நீட்டுவாள். இரவில் நான் கண்ணை மூடினால் எட்டிப் பார்த்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று சரிபார்த்துவிட்டுப் போவாள். அந்த வார்டில் என்னைப் பார்த்தது அவள் மட்டும்தான்.

டாக்டர் தினமும் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, தொங்கும் அட்டையைக் கையில் எடுப்பார்.

"தூக்கம் வருதா?" என்று அட்டையைக் கேட்டார். அட்டை பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"வரலீங்க டாக்டர். படுத்தா மூச்சு நின்னு போறாப்புல இருக்குது. விரலெல்லாம்..."

"பி காம்ப்ளெக்ஸ் எழுதியிருக்கேன்."

"விரலெல்லாம் மரத்துப் போகுதுங்க. அது எதனாலீங்க?"

"நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் அட்டையைத்தான் பார்த்தார். சேர்ந்த நாளிலிருந்து வெளியேறிய நாள் வரை அவர் கை என் மேல் படவில்லை. ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் ஒரு நகைபோலத் தொங்கியது. கடைசியில், "ஹார்ட் நல்லா இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து அட்டையைப் பார்த்தேன். 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதியிருந்தது. சொன்னதற்கும் எழுதியதற்கும் சம்பந்தமில்லாத ஆவணத்தை என் அலுவலகத்தில் ஒரு கடைநிலை எழுத்தர் வைத்திருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன்.

கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், விதியை மேற்கோள் காட்டி, நேரில் பரிசோதிக்காமல் எனக்கு மருந்து எழுதப்பட்டது குறித்து மேலிடத்துக்கு ஒரு மனு. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் அட்டை மட்டும் வந்தது.

இதற்கிடையில் சீக்கு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மறுபடி பஸ் ஏறினேன். ஏறிய இடத்திலேயே வந்தது. பஸ்ஸை விட்டேன். கடைவீதிக்கு நடந்தேன்; பாலத்தின் மேல் வந்தது. கடைவீதியையும் விட்டேன். பிறகு தெருமுனை. பிறகு வாசல் கேட். எந்த இடத்தில் வந்ததோ அந்த இடம் எதிரியாகிவிடும். வந்துவிடுமோ என்று நினைத்தாலே வந்துவிடும். நகராட்சி எல்லை முழுக்க நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்தவனின் எல்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, சாய்வு நாற்காலிக்கும் குளியலறைக்கும் நடுவே வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு ருக்மணி மட்டும் அட்டையை எடுத்துக்கொண்டு போவாள். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் எனக்குத் தூக்க மாத்திரை எழுதித் தந்தார்கள். தூங்கினேன். எழுந்தால் பயம் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்.

வாரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நரம்புத் தளர்ச்சி, படபடப்பு, தைரியக் குறைவு அனைத்துக்கும் தபால் மூலம் சிகிச்சை. நேரில் வரத் தேவையில்லை. வெளியே போக முடியாதவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? எழுதினேன். கேள்வித்தாள் வந்தது. பாதிக் கேள்விகள் என் இளமைக் காலத்தைப் பற்றியவை. அவற்றின் தரத்தை இங்கே விவரிக்க இயலாது. அறுபதை நெருங்கும் ஒரு ஓய்வு பெற்ற அதிகாரியிடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அச்சு இயந்திரத்துக்கு இருக்காது. பணம் கட்டி வாங்கும் வி.பி.பி. தபாலில் ஒரு டப்பா லேகியமும், 'அன்புள்ள சகோதரரே, மனதில் தைரியத்தை வரவழைத்துக்கொள்ளவும்' என்ற அச்சிட்ட தாளும் வந்தன. எங்கிருந்து வரவழைப்பது என்று விவரமாக எழுதிக் கேட்டேன். பதிலாக இன்னொரு டப்பா வந்தது. இன்னொரு 'அன்புள்ள சகோதரரே'. லேகியம் இனிப்பாக இருந்தது. எறும்புகளுக்குத் தைரியம் வந்தது.

இப்படியே போயிருக்கும். மகள் தெய்வானைக்கு ஏழாம் மாதம் நெருங்கியது.

அவளைச் சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். முதல் கரு தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை அம்மா வீட்டில்தான் பிரசவம் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணைப் பெற்றவர்கள் வகைவகையாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், உற்றார் உறம்பரைக்கெல்லாம் விருந்து வைத்து, பிறகு பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். தாய் மட்டும் போய்க் கூட்டி வந்தால் ஊர் பேசும். ஊர் பேசுவது எனக்குப் பொருட்டில்லை. சம்பந்தியம்மா பேசியதுதான் உள்ளே இறங்கியது.

சீக்கு விசாரிக்க என்று என் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார் அந்த அம்மாள். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, பஸ்ஸே ஏறமாட்டீங்களாமா?"

"உடம்பு சரியில்லீங்க."

"பாத்தா நல்லாத்தான இருக்கறீங்க? ஆருக்குமில்லாத சீக்கா இருக்குது." ருக்மணியின் பக்கம் திரும்பினார். "நா ஒளிச்சு மறச்சுப் பேசமாட்டனுங்க. பிள்ளையக் கூப்புட அப்பனே வரலீன்னா நா எப்புடிங்க அனுப்பறது? நடுச்சாமத்துல அவளுக்கு வலி வந்தா டாக்ஸி புடிக்க ஆரு ஓடுவாங்க? கேட்டத் தாண்ட மாட்டேங்கற மனுசனா ஓடுவாரு? பிரசவத்த நாங்களே பாத்துக்கறமுங்க."

சொன்ன விதம் கொடூரம். சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் கோபம் வந்தது. தெய்வானை வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "நீங்க வாங்கப்பா" என்றாள். நான் கேட் வரை கூடப் போகவில்லை. நாற்காலியில் இருந்தபடியே தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம், யாரும் கூப்பிடாமல், பக்கத்து வீட்டுப் பழனிசாமி உள்ளே வந்தார். நாங்கள் குடியிருக்கும் மண்ணரைப் பகுதியில், என் வீட்டுச் சுவரை ஒட்டி அவருடைய பனியன் கம்பெனி. அவருடைய நிட்டிங் மிஷின் சத்தத்தைப் பற்றி நான் போட்ட மனுக்கள் அந்தக் காலத்தில் நகராட்சியில் ஒரு தனிக் கோப்பு. அவரும் சளைத்தவர் இல்லை. என் வீட்டுச் சாக்கடையைப் பற்றி எதிர்மனு போட்டவர். குரல் மிஷினைத் தாண்டிக் கேட்கும். அன்றைக்கு அந்தக் குரலைத் தணித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"மேனேஜருங்க, கோவிச்சுக்காதீங்க. சம்பந்தியம்மா பேசுனது செவுத்துக்கு அக்கட்டயே கேட்டுதுங்க. நெஞ்சு படபடங்கும். இத்தோட முடிஞ்சோமுன்னு இருக்கும். அப்பறம் ஒண்ணும் ஆகாது. அதானுங்களே உங்குளுக்கு?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"எவஞ் சொல்லோணும்? எனக்கும் இருந்துச்சுங்க. கார வாங்கி செட்டுல நிறுத்திப்போட்டு ஒரு வருசம் அதுல ஏறலீங்க. கடங்காரனுக்குப் பயந்துட்டு ஊட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான்னு ஊரே பேசுச்சு. அப்பவும் நீங்க சத்தத்துக்குப் பெட்டிசன் போட்டீங்க."

"சத்தம் அப்பவும் இருந்ததே."

பழனிசாமி சிரித்தார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். கடைவீதியில் நூல் கடைக்கு மேல்மாடியில் செவ்வாய்க்கிழமை தோறும் வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறார். பலகையில் 'டாக்டர் எஸ்தர்' என்று மட்டும் இருக்கும். என்ன டாக்டர் என்று இருக்காது. மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர். மருந்து கொஞ்சம், பேச்சு நிறைய.

"பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா?" என்றேன்.

"ஆமாங்க. நானும் பைத்தியமான்னு கேட்டுட்டுத்தான் போனேன். செவ்வாக்கெழம கார் கொண்டாறேன். பொறப்பட்டு இருங்க."

ஆஸ்பத்திரியில் இத்தனை பேர், மருந்துக்கடையில் இத்தனை பேர், உறவில் இத்தனை பேர். உள்ளூரில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தெரியாததால் அல்ல. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்பேன் அல்லவா?

செவ்வாய்க்கிழமை என்னைக் காரில் ஏற்றியதை ஏற்றியது என்று சொல்லக்கூடாது, திணித்தார்கள். ருக்மணி கையில் ஒரு பை. அதில் குளுக்கோஸ் தண்ணீர், தூக்க மாத்திரை, தைலம், திருநீறு, ஈரத் துண்டு. கார் பாலத்தில் ஏறியதும் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பச் சொல்லிக் கத்தினேன்.

"சாவமாட்டீங்க மேனேஜருங்க," என்றார் பழனிசாமி, ஸ்டீரிங்கை விடாமல். "செத்தா எம்மேல பெட்டிசன் போடுங்க."

அந்த மாடிக்குப் பின்பக்கமாக ஒரு படிக்கட்டு. எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள். காத்திருக்கும் அறையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் சுவரில் இருந்த ஒரே காலண்டரை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரிபாக்கிக்காகப் பலமுறை எச்சரித்த ஒருவர், என்னைக் கண்டதும் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்தார். நானும் காலண்டரைப் படித்தேன்.

டாக்டர் எஸ்தர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நடுத்தர வயது, பருத்திச் சேலை, கண்ணாடி. நான் ஒரு வாரமாகத் தயாரித்திருந்த தாள்களை மேஜை மேல் வைத்தேன். நோயின் வரலாறு, அறிகுறிகள், இதுவரை மேற்கொண்ட நடவடிக்கைகள், கோரிக்கை என்று பத்தி பிரித்து, இணைப்புகளோடு இருந்தது. இன்றைக்கும் சொல்வேன், நல்ல வரைவு.

அவர் அதை ஓரமாக நகர்த்தினார். "இத வீட்டுல போய்ப் படிக்கேன் சார். இப்ப நீங்க சொல்லுங்க. என்ன செய்யுது?"

"அதில் எல்லாம் இருக்கிறது."

"இருக்கட்டும். சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ருக்மணி சொன்னாள்: "மத்தியானந்தானுங்க ஜாஸ்தி வரும். மொகமெல்லாம் வேர்த்துப் போயிருமுங்க."

"உங்களுக்காம்மா வருது?"

"இல்லீங்க, அவுகளுக்கு."

"அப்ப அவங்க சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. பையையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

பை போவதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தபடி, வேண்டா வெறுப்பாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர் கையை உயர்த்தினார்.

"சார், நீங்க பேசப் பேச எத்தன தடவ பெருமூச்சு விடுதீங்க, தெரியுமா?"

"நான் விடவே இல்லையே."

"இதோ, இப்ப ஒண்ணு."

விட்டிருந்தேன். அதுவரை எனக்குத் தெரியாது.

"எனக்காக ஒண்ணு செய்யுங்க. நாய் இளைக்கும் பாத்தீங்களா, அப்படி வேகமா மூச்சு விடுங்க. நானும் விடுதேன்."

ஒரு பெண் டாக்டரின் எதிரே உட்கார்ந்து நாய்போல இளைப்பது எந்த அலுவலக நடைமுறையிலும் இல்லை. அவர் வெட்கமில்லாமல் தொடங்கிவிட்டதால் நானும் செய்தேன். சற்று நேரத்தில் விரல் நுனி மரத்தது. உதடு மரத்தது. நெஞ்சு அடித்தது. அவிநாசி பஸ்ஸில் வந்த அதே சாவு, நூல் கடை மாடியில் வந்து நின்றது. எழுந்து கதவைப் பிடித்தேன்.

"உக்காருங்க. எனக்கும் விரல் மரத்துத்தான் இருக்கு. இப்ப மெதுவா விடுங்க. என்னயப் பாருங்க. என் கூடவே விடுங்க."

அடங்கியது. தானாகவே.

பிறகு விளக்கினார். பயந்தவன் தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறான். அதிகமாக வாங்கினால் ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு குறைந்துவிடும். அது குறைந்தால் விரல் மரக்கும், தலை சுற்றும். அதைப் பார்த்துச் சாகப்போகிறோம் என்று இன்னும் பயந்து, இன்னும் மூச்சு வாங்குகிறான். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று சோதித்துப் பார்த்தாயிற்று. இது பதற்ற நோய். வேஷம் அல்ல, பைத்தியமும் அல்ல. இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். 'ஒண்ணுமில்ல' என்பதைவிட எந்தப் பெயரும் மேல்.

வார்டில் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அந்தப் பெருமூச்சு அவருக்கும் தெரிந்திருக்கும். என் மனுவிலும் கேள்வித்தாளிலும் அது இல்லை, ஏனென்றால் எழுதியவனுக்கே அது தெரியாது. ஒருவன் கதவோரமாக உட்காருவதும், மனைவி அவனுக்காகப் பேசுவதும், பையைப் பிரிந்தால் வேர்ப்பதும் தபாலில் போகாது. எல்லாவற்றையும் எழுத்தில் கொடு என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தவன் இதை எழுதுகிறேன்.

உடனே பணிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சிகிச்சைத் திட்டத்தை எழுத்து மூலம் தர வேண்டும் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். "வாராவாரம் வர்றது சிரமம். இடையில் கடிதம் எழுதட்டுமா?" என்றேன்.

"எழுதாதீங்க. வாங்க. நீங்க வர்றதுதான் பாதி வைத்தியம்."

தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். சிறு மாத்திரை ஒன்று கொடுத்தார். மீதி எல்லாம் நடை. முதல் வாரம் வீட்டுக் கேட். அங்கே பயம் வரும் வரை நிற்க வேண்டும், வந்தால் ஓடக்கூடாது, அடங்கிய பிறகுதான் திரும்ப வேண்டும். பிறகு தெருமுனை. பிறகு பாலம். பனியன் கம்பெனிப் பெண்கள் டீ குடிக்க வெளியே வரும் நேரத்தில், ஓய்வு பெற்ற நகராட்சி மேனேஜர் தெருமுனையில் மின்கம்பம்போல நிற்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. "ஏனுங்க சாமி, ஆருக்குங்க காத்திருக்கறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். பயத்துக்கு என்று சொல்ல முடியுமா? பஸ்ஸுக்கு என்றேன். "பஸ் இந்த வழி வராதுங்களே," என்றாள் அக்கறையோடு.

ருக்மணிக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. இனிமேல் அவர்கூட நடக்கக் கூடாது, பையைக் கொடுத்தனுப்பக் கூடாது, ராத்திரியில் எட்டிப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"இத்தன மாசம் பாத்துக்கிட்டது தப்புங்களா டாக்டரம்மா?"

"தப்பில்லம்மா. நீங்க பாக்கலன்னா இவங்க இங்க வந்திருக்கவே மாட்டாங்க. ஆனா நீங்க பைய எடுக்கும்போதெல்லாம், ஏதோ ஆகப்போவுதுன்னு அவங்க மனசு படிச்சுக்கிடுது."

அன்று வீட்டுக்கு வந்து அவள் பையைப் பரணில் போட்டாள். அப்புறம் பல நாள் நான் கேட்டைத் திறக்கும்போது அவள் அடுப்படிக்குள் போய், தேவையில்லாமல் பாத்திரம் விளக்குவாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். கூட வராமல் இருப்பதற்கு அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது அந்தச் சத்தத்தில் தெரியும்.

பஸ் வந்தது பிறகு. முதலில் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸில் உட்கார்ந்து இறங்கினேன். ஓடும் பஸ்ஸில் முதல் தடவை டாக்டர் எஸ்தரே கூட வந்தார். கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "இறங்கணும், விசில் கொடுக்கச் சொல்லுங்க," என்று நான் கெஞ்சியதைக் கேட்டார்.

"இறங்கலாம் சார். அடங்குன பெறவு இறங்குவோம்."

"அடங்காவிட்டால்?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போவோம். எனக்கும் இன்னைக்கு வேற வேல இல்ல."

எனக்கு அவர் மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. அந்தக் கோபத்தில் பயத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அடுத்த ஸ்டாப்பில் பார்த்தால் நெஞ்சு சும்மா இருந்தது.

கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்தோம். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு என்று ருக்மணி விடியற்காலையில் எழுந்து கட்டினாள். பழனிசாமி காரை எடுத்து வந்து நிறுத்தினார். வேண்டாம், பஸ்ஸில் போகிறோம் என்றேன். "அப்ப சோத்த மட்டுமாச்சும் கார்ல உடுங்க," என்றார். அதையும் மறுத்தேன்.

பஸ்ஸில் ருக்மணி, டாக்டர் சொல்லியிருந்தபடி, பெண்கள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்தாள். கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பாதி வழியில் எனக்கு வந்தது. குறைவாக வந்தது என்று பெருமைக்குச் சொல்லமாட்டேன், முழுசாகத்தான் வந்தது. விரல் மரத்தது. எழுந்து விசில் கொடுக்கச் சொல்ல வாய் திறந்தேன். எதிர்ப்பக்கம் ருக்மணியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் அவள் திரும்பவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டு, அதை வரவிட்டேன். வந்தது. இருந்தது. பிறகு, வேறு வழி இல்லாமல், போனது. பஸ் சோமனூருக்குள் நுழைந்தபோது தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. மனு போடத் தோன்றவில்லை.

சம்பந்தியம்மா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். என் பின்னால் கார் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தார்.

"பஸ்லீங்களா வந்தீங்க?"

"பஸ்லதானுங்க."

அந்த அம்மாள் கூடைகளை வாங்கி உள்ளே வைத்தார். "தயிர்ச்சோத்துல உப்புக் கம்மி," என்று சாப்பிடும்போது கண்டுபிடித்தார். தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. திரும்பும்போது அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். "உங்குளுக்குப் பயமா இருக்குதுங்களாப்பா?" என்றாள். "இருக்குது. உனக்கு?" என்றேன். "எனக்குமுங்க," என்றாள். இருவரும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு வந்தோம்.

மண்ணரையில் இறங்கி வீட்டுக்கு வந்தால், பழனிசாமி கேட்டருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"போஸ்ட்மேன் வந்தானுங்க. உங்குளுக்கு ரிஜிஸ்தர் தபால். மேனேஜர் ஊட்டுல இல்லப்பான்னேன். நம்பவே மாட்டேன்னுட்டான். அவரு எங்க போவாருன்னு கதவத் தட்டு தட்டுன்னு தட்டுனான். அப்பறம் பூட்டத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போனான்."

மறுநாள் போஸ்ட்மேன் மறுபடி வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார். என் மனுவுக்குப் பதில். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளின்படி மனுதாரர் அனுமதிக்கப்பட்டிருந்த எல்லா நாட்களிலும் மருத்துவரால் நேரில் பரிசோதிக்கப்பட்டதாகத் தெரிவதால், மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதியிருந்தது. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, எனக்குத் தெரியும். செய்யவில்லை. கடிதத்தை ருக்மணி அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். உறையை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் மேல் போஸ்ட்மேன் பென்சிலால் எழுதியிருந்தார்: 'கதவு பூட்டியிருக்கிறது. ஆள் வெளியே போயிருக்கிறார்.' ஐப்பசியிலிருந்து என்னைப் பற்றி அரசாங்கம் எழுதியவற்றில், நேரில் வந்து பார்த்து எழுதியது அது ஒன்றுதான்.

பதில் முதலில் வந்து, ஆள் இல்லாமல் திரும்பிய நாள், அதாவது நான் பஸ்ஸில் சோமனூர் போய்வந்த நாள்: வைகாசி வளர்பிறை, புதன்கிழமை.